பதினோரு விமானங்களின் கங்காணி

“சும்மா நிறுத்தி வச்ச ஏரோப்பிளேன்ல முதல்ல எது கெட்டுப்போகும், சொல்லுங்க பார்ப்போம் மதினி.”

“எஞ்சின்தான். வேற என்ன?”

“அதான் இல்ல. டயரு. ஒரே எடத்துல நின்னா அடியில தட்டையாயிரும். வாரத்துக்கு ஒருக்கா வண்டியில கட்டி ஒரு முழம் இழுத்து வைக்கிறோம்.”

“நீங்களும் அப்பப்ப புரண்டு படுங்க தம்பி. இல்லாட்டி நீங்களும் தட்டையாயிருவீங்க.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். என் தங்கையின் கணவர் சுதாகரனோடு நான் எப்போதும் இப்படித்தான் பேசினேன். எங்களுக்குள் ஒரு மனத்தாங்கலும் இருந்ததில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன் மிஸ், ஏனென்றால் நேற்று போலீஸ் நிலையத்தில் வைத்து, “அந்த ஆள் மேல உங்களுக்கு என்ன கோபம்?” என்று இரண்டு முறை கேட்டீர்கள். கோபம் எதுவும் இல்லை.

வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று சொன்னதற்கும் காரணம் உண்டு. எங்கள் தோட்டத்தில் மனுவோ படிவமோ, எதுவானாலும் என் கையெழுத்தில்தான் போகும். பிறப்புச் சான்றிதழில் பிழை திருத்துவதற்கு, அடையாள அட்டைக்கு, பள்ளிக்கூட அனுமதிக்கு என்று இருபது வருடமாக எழுதுகிறேன். எனக்குச் சிங்களமும் நன்றாக வரும். எனக்காக மட்டும் இதுவரை ஒரு மனுவும் எழுதியதில்லை.

என் பெயர் சண்முகவடிவு. வயது நாற்பத்து நான்கு. மஸ்கெலியாவுக்கு மேலே உள்ள தோட்டத்தின் பிள்ளைக்காம்பராவில் வேலை. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் பிள்ளைகளை என்னிடம் விட்டுப் போவார்கள். நான் பால் கொடுத்து, தூங்க வைத்து, மாதம் ஒருமுறை எடை பார்த்து அட்டையில் குறிப்பேன். கல்யாணமாகி ஆறாம் வருடம் கணவர் இறந்துபோனார். எனக்குப் பிள்ளைகள் இல்லை. தங்கை கிருஷாந்தி என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். அம்மா போன பிறகு நான்தான் அவளை வளர்த்தேன். அவள் மகள் லோஜினியைப் பத்து மாதத்தில் என் கையில் கொடுத்தாள். சுதாகரன் வெளிநாடு போனது அந்த வாரம்தான்.

அவருக்கு ஒரு பாலைவன நாட்டின் விமான நிலையத்தில் வேலை. விமானங்களின் உள்ளே சுத்தம் செய்வது. இரண்டு வருடம் ஒழுங்காக நடந்தது. பிறகு அந்த விமானக் கம்பெனி மூடப்பட்டது. ஒரு வெள்ளிக்கிழமை விமானங்கள் பறந்தன, சனிக்கிழமை பறக்கவில்லை, அவ்வளவுதான். பதினோரு விமானங்களை ஓடுபாதையின் கோடியில் வரிசையாக நிறுத்தினார்கள். அவை யாருக்குச் சொந்தம் என்று நீதிமன்றம் சொல்லும்வரை பார்த்துக்கொள்ள ஐந்து தொழிலாளிகளை மட்டும் வைத்தார்கள். அந்த ஐவரில் ஒருவர் சுதாகரன். அவர்களுடைய பாஸ்போர்ட்டுகள் சீல் வைத்த கம்பெனிக் கந்தோருக்குள் மாட்டிக்கொண்டன.

ஆரம்பத்தில் அவர் அதையும் வேடிக்கையாகத்தான் சொன்னார். “பதினோரு ஏரோப்பிளேனுக்கும் நான்தான் கங்காணி மதினி. காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்கு வந்து அசையாம நிக்கிறானுங்க, ஒருத்தனும் வேலைக்குப் போறதில்ல.” எஞ்சின்களின் வாயைச் சிவப்புத் துணியால் மூடிக் கட்டுவது, குளவி கூடு கட்டாமல் சின்னத் துவாரங்களை ஒட்டி வைப்பது, பறவைகளை விரட்டுவது என்று தன் வேலைகளைக் குரல் பதிவாக அனுப்புவார். நாங்கள் குடியிருக்கும் லயத்தில் சிக்னல் கிடைக்காது. பிள்ளைக்காம்பராவின் வாசலில்தான் கிடைக்கும். அதனால் எல்லாம் என் போனுக்கு வரும். மாலையில் கிருஷாந்தி கூடையை இறக்கிவிட்டு வந்து கேட்பாள். லோஜினி என் மடியில் இருந்து கேட்பாள்.

ஊரிலிருந்து மனைவி முறைப்பாடு கொடுத்தால், கல்யாணப் பத்திரமும் பிள்ளையின் பத்திரமும் வைத்து அனுப்பினால், புதுப் பயணப் பத்திரம் எடுத்து ஆளைத் திருப்பி அனுப்பலாம் என்று அங்கே சொன்னார்களாம். படிவத்தை நானே நிரப்பினேன். கிருஷாந்தி கையெழுத்துப் போட்டாள். பேனா கசிந்து ஓரத்தில் ஒரு மைச்சொட்டு விழுந்தது. “நானும் வாரேன்க்கா,” என்றாள். “எதுக்கு? ஒரு நாள் வேலை போயிரும். அங்க எல்லாம் சிங்களத்துலதான் கேப்பாங்க. நான் குடுத்துட்டு வாரேன்,” என்றேன். அதில் தவறு எதுவும் இல்லை.

அன்று வழியில் மண் சரிந்து பஸ் தாமதமாயிற்று. ஹட்டனுக்குப் போய்ச் சேரும்போது வெளிநாட்டு வேலைவாய்ப்புக் கந்தோர் மூடிவிட்டது. படிவத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். பஸ் நிற்கும் முடக்கில் கிருஷாந்தி காத்துக்கொண்டு நின்றாள். லோஜினி அவள் கையை உதறிவிட்டு, “பெரியம்மா” என்று ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். “குடுத்தாச்சாக்கா?” என்று தங்கை கேட்டாள். நான் குனிந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டிருந்தேன். “குடுத்தாச்சு,” என்றேன். அடுத்த வாரம் போய்க் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

அந்த வாரம்தான் கிருஷாந்தி கொழுந்துக் கறை படிந்த விரல்களை எண்ணெயில் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: “அவர் வந்ததும் கொழும்புப் பக்கம் வத்தளைக்குப் போயிருவோம்க்கா. அவரோட கூட்டாளி ஒருத்தர் வீடு பார்த்துத் தாராராம். லோஜிய அங்கயே பள்ளிக்கூடத்துல சேர்க்கணுமாம். நம்ம புள்ளையாவது கொழுந்துக் கூடைய மாட்டக் கூடாதுன்றாரு.”

“நல்லதுதானே,” என்றேன். நல்லதுதான். ஆனால் லோஜினிக்கு அப்போது அடிக்கடி சளி பிடிக்கும். வத்தளையில் புழுதி அதிகம். வேலைக்குப் போகும் தாயும் தகப்பனும் அவளை யாரிடம் விட்டுப் போவார்கள் என்று யாராவது யோசித்தார்களா? நான் யோசித்தேன். படிவத்தைப் பிள்ளைக்காம்பராவின் அலுமாரியில், லோஜினியின் எடை அட்டைக்குப் பின்னால் வைத்தேன். அங்கே பத்திரமாக இருக்கும்.

கொடுக்கமாட்டேன் என்று நான் ஒரு நாளும் முடிவு செய்யவில்லை. மழை விடட்டும், லோஜினிக்கு இருமல் நிற்கட்டும், புதுவருடம் போகட்டும் என்றுதான் இருந்தேன். பிள்ளைக்காம்பரா வேலைக்கான மாதக் கூட்டத்துக்கு ஹட்டனுக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கந்தோரைக் கடந்துதான் நடப்பேன். திரும்பி வந்து, “கோப்பு கொழும்புக்குப் போயிருக்காம்,” என்பேன். யாரும் சந்தேகப்படவில்லை. சுதாகரன் ஒருமுறை, “என்னை மறந்துட்டாங்களா மதினி?” என்று கேட்டபோது, “கந்தோர்னா இழுக்கத்தானே செய்வாங்க தம்பி. எங்க தாத்தாவுக்குப் பிரஜா உரிமைக் கடதாசி வர எத்தன வருசமாச்சு?” என்றேன். “ஆமா ஆமா. எங்க தாத்தா அது வாரதுக்கு முந்தியே செத்துட்டாரு,” என்று சிரித்தார். அதன் பிறகு ஆறு மாதம் அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. எங்கள் ஆட்களுக்குக் கடதாசிக்காகக் காத்திருப்பது புதிதல்ல. நான் பெரிதாக எந்தப் பொய்யையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை.

விமானங்கள் நின்ற இரண்டாம் வருடம் எஞ்சின்களைக் கழற்றிப் போனார்கள். அவை வேறு யாருக்கோ சொந்தமாம். “எஞ்சின் தொங்குன எடத்துல சிமெந்துக் கட்டியத் தொங்க விட்டிருக்காங்க மதினி. இல்லாட்டி ஏரோப்பிளேன் ஒரு பக்கமா சாஞ்சிருமாம். சும்மா நிக்கிறதுக்கும் ஒரு பாரம் வேணும் போல.” பிறகு கம்பெனியின் பெயரை வெள்ளைப் பூச்சால் அழித்தார்கள். இருக்கைகளை எடுத்தார்கள். பிறகு இரும்புப் பல் வைத்த பெரிய இயந்திரம் வந்து ஒவ்வொன்றாகக் கடித்துத் துண்டாக்கியது. ஒரு விமானத்தை முடிக்க மூன்று நாள் ஆகுமாம். லோஜினி படம் வரையும்போது விமானத்துக்கு எஞ்சின் போடமாட்டாள், சிமெந்துக் கட்டிதான் போடுவாள். நான் அந்தப் படங்களைப் பிள்ளைக்காம்பராவின் சுவரில் ஒட்டினேன். மேற்பார்வைக்கு வந்தவர்கள்கூடப் பாராட்டினார்கள்.

அந்த ஐவரில் வலப்பனையைச் சேர்ந்த சோலைமலை என்பவரும் இருந்தார். அவர் மனைவி கொடுத்த முறைப்பாட்டில் இரண்டே மாதத்தில் ஊர் வந்துவிட்டார். வந்த கையோடு எங்கள் தோட்டத்துக்கு வந்தார். சுதாகரன் மகளுக்குக் கொடுத்தனுப்பிய ஒரு அட்டை அவர் கையில் இருந்தது. ஆபத்து வந்தால் விமானத்திலிருந்து எப்படி வெளியேறுவது என்று படமாகப் போட்ட அட்டை. நான் அவருக்கு இஞ்சித் தேத்தண்ணி கொடுத்தேன்.

“மூணு தரம் நடந்தா காரியம் முடிஞ்சிரும்க்கா. எம் பொஞ்சாதிக்கு ஒரு வார்த்த சிங்களம் தெரியாது, அவளே முடிச்சிட்டா. நீங்க இருக்கையில சுதாகரனுக்கு என்ன கொறச்சல்? தங்கச்சியையும் பார்த்துச் சொல்லிட்டுப் போறேன்.”

“அவ மலையிலருந்து எறங்க நாலு மணியாகுமே,” என்றேன். அவருக்கு இரண்டு மணிக்குப் பஸ். அன்று சனிக்கிழமை, அரை நாள் வேலைதான். ஒரு மணிக்கே கிருஷாந்தி வந்துவிடுவாள். எனக்கு அது தெரியும். சோலைமலையைப் பன்னிரண்டரைக்கே முடக்கு வரைக்கும் கூட்டிப்போய் வழியனுப்பினேன். அன்றிலிருந்து நான் தேத்தண்ணிக்குச் சீனி போடுவதில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சுதாகரன் நல்லபடியாக வந்து சேர வேண்டும் என்று கோயிலில் விளக்குப் போட்டேன். மனதார வேண்டித்தான் போட்டேன்.

ஐந்து பேர் மூவராகி, கடைசி வருடம் அவர் ஒருவராக நின்றார். குரல் பதிவுகள் சின்னதாகின. ஒருமுறை, மூச்சு வாங்குகிறது, மதியத்தில் உள்ளே இருக்க முடியவில்லை, வெளியே நிழலே இல்லை என்று மட்டும் இருந்தது. அதைக் கிருஷாந்தி கவலைப்படுவாள் என்று அழித்துவிட்டேன்.

கடைசியாக அவர் பேசியது ஒரு பகல் வேளையில். “மதினி, மத்த பத்தும் முடிஞ்சிருச்சு. நாளைக்கு இதையும் வெட்ட வாராங்க. இதுலதான் நான் படுக்கிறது. பொறகு எதுக்கு நான் காவல் நிக்கிறது, எங்க நிக்கிறது? கொழும்புல ஒருக்காக் கேளுங்களேன்.”

“கேக்குறேன் தம்பி.”

“புள்ளகிட்டக் குடுங்க. ரெண்டு வார்த்த பேசுறேன்.”

“தூங்குறா தம்பி.”

லோஜினி தூங்கவில்லை. என் மடியில்தான் இருந்தாள், அந்த அட்டையை வைத்துக்கொண்டு. அப்பாவின் குரல் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தாள். நான் அவள் உதட்டின் மேல் விரலை வைத்தேன். அவள் சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை. இதை மட்டும் எழுதாமல் விட நினைத்தேன் மிஸ். மற்ற எதற்கும் என்னால் காரணம் சொல்ல முடியும்.

மறுநாள் வெட்ட வந்தவர்கள்தான் அவரைக் கண்டார்கள். இருக்கைகள் இல்லாத வெறுந்தரையில், ஜன்னலோரமாகப் படுத்திருந்தாராம். சாவுக்குக் காரணம் வெயிலும் இதயமும் என்று கடதாசியில் எழுதியிருந்தது. உயிரோடு வருவதற்கு மூன்று வருடம் போதவில்லை. பெட்டியில் வந்துசேரப் பதினேழு நாள்தான் ஆயிற்று. அதற்கு நான் எந்தக் கந்தோருக்கும் போக வேண்டியிருக்கவில்லை.

அடக்கம் செய்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், கொழும்பிலிருந்து தோட்டத்துக் கந்தோர் போனில் கிருஷாந்தியை யாரோ கூப்பிட்டார்கள். தமிழ் பேசிய ஒரு பெண். மரணக் கோப்புக்காகச் சில விபரங்கள் கேட்டுவிட்டு, “முந்தி ஒரு முறைப்பாடாவது குடுத்திருக்கலாமே தங்கச்சி, மத்த நாலு பேரும் அப்படித்தானே வந்தாங்க,” என்றாளாம்.

கிருஷாந்தி பிள்ளைக்காம்பராவுக்கு வந்தபோது பிள்ளைகள் தூங்கும் நேரம். அதனால் அவள் சத்தம் போடவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை, மடியில் ஒரு கைக்குழந்தை இருந்தது. நான் ஒரு கடதாசியையும் வீசமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். என்னிடம் வளர்ந்தவள்தானே. நேராக அலுமாரிக்குப் போனாள். மகளின் எடை அட்டையை உருவினாள். பின்னாலிருந்த படிவத்தை விரித்தாள். அந்த மைச்சொட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். எரிக்காமல் வைத்திருந்தேனே, கொடுக்கிற எண்ணம் எனக்கு இருந்தது என்பதற்கு அதுவே சாட்சியில்லையா என்று சொல்ல நினைத்தேன்.

“ஏன்க்கா?” என்றாள், மிக மெதுவாக. “என்ன கேட்டிருந்தாலும் தந்திருப்பேனேக்கா. ஏன்?”

லோஜினி பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசலில் நின்றாள். கிருஷாந்தி அவளுடைய பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். “போலீசுக்குப் போயிட்டு நாங்க வத்தளைக்குப் போறோம். அவர் பார்த்து வச்ச ஊருக்கு,” என்றாள்.

மூன்று வருடமாக இப்படி ஒரு நாள் வரும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்குச் சொல்ல ஒரு மன்னிப்பை வார்த்தை வார்த்தையாகத் தயாரித்தும் வைத்திருந்தேன். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மடியில் இருந்த குழந்தை விழித்துவிடாதபடி, குரலைத் தாழ்த்தி, என் தங்கையிடம் கேட்டேன்:

“புள்ளைய எங்கிட்ட விட்டுட்டுப் போயேன்.”