மேலை கேட்டால்தான் நடுவிலை நிப்பாங்கள்

...மோட்டுக் கூட்டம், தம்பி! படிச்ச மோட்டுக் கூட்டம்! ஒரு ஃபோர்மிலை ஒருத்தர் என்னத்தையோ போட்டால் அதை அப்பிடியே நம்புறதோ? "உது கொஞ்சம் கூடிப்போச்சு, இறங்கி வாங்கோ" எண்டு ஒரு சொல்லு கேக்கிறேல்லையோ?... கறிவேப்பிலைதானே? தாறன், தாறன். பெட்டி இன்னும் உடைக்கேல்லை. நில்லுங்கோ.

ஆரையோ? ஜப்பான் கம்பஸ்காரரைத்தான் திட்டுறன்! என்ரை மகள் கிருசாந்தி இப்ப அங்கைதானே. ஒரு செமஸ்டர். அந்தப் பாஷை படிக்கத் தொடங்கி மூண்டே மூண்டு மாசம். எழுத்துக் கூட்டி வாசிப்பாள், நன்றி சொல்லுவாள், கக்கூஸ் எங்கையெண்டு கேப்பாள். அவ்வளவுதான் சரக்கு. புதுசாப் படிக்கிற பிள்ளையளுக்கு அங்கை தனி வகுப்பு இருக்கு. ஆறுதலா இருந்து "இது பூனை, அது நாய்" எண்டு படிச்சிட்டு வரவேண்டியவள். கொண்டுபோய் எங்கை இருத்தினவங்கள் தெரியுமோ? ஆக மேலை, நாலாம் வகுப்பிலை! பக்கத்திலை இருக்கிறதெல்லாம் பேப்பர் வாசிச்சு அரசாங்கத்தோடை சண்டை பிடிக்கிற ஆக்கள்!

சிரியுங்கோ, சிரியுங்கோ. நானும் சிரிச்சனான். முதல் கிழமையே வாத்தியார் இவளை எழுப்பி, "நாட்டிலை வயசுபோன ஆக்கள் கூடுறதைப் பற்றிப் பத்து நிமிசம் பேசு" எண்டாராம். இவள் எழும்பி, குனிஞ்சு, தெரிஞ்சதெல்லாத்தையும் ஒரே மூச்சிலை சொன்னாளாம். "என்ரை பேர் கிருசாந்தி. ஜேர்மனியிலையிருந்து வந்தனான். எனக்கு மாம்பழம் விருப்பம். என்ரை அம்மா வயசுபோனவ." எனக்கு அம்பத்திமூண்டு, தம்பி! அம்பத்திமூண்டு ஒரு வயசோ? வகுப்பே எழும்பிக் கை தட்டினதாம்!

உண்மையைச் சொல்லலாம்தானே எண்டு கேக்கிறியள். சொன்னவள்! "ஐயா, எனக்கு ஜப்பான் பாஷை வராது" எண்டு அந்தப் பாஷையிலையே போய்ச் சொன்னவள். அந்தாள் உருகிப் போட்டாராம். என்ன பணிவு, என்ன அடக்கம்! அங்கை நல்லாத் தெரிஞ்ச ஆக்கள்தான் தெரியாதெண்டு சொல்லுவினமாம், மரியாதைக்கு. இவள் தெரியாது தெரியாது எண்டு சொல்லச் சொல்ல, அந்தாளுக்கு இவளிலை மதிப்பு ஏறிக்கொண்டே போகுது! உதென்ன நாடு? சொல்லுறதை இறக்கிச் சொல்லுவினம், கேக்கிறவை ஏத்தி விளங்குவினம். சந்தையிலை உவையோடை எப்பிடி விலை பேசிக் கட்டுறது?

ஏய், அந்த முருங்கைக்காயை முறிச்சுப் பாக்காதேங்கோ! பாத்தால் எடுக்கவேணும்... சும்மா சொன்னனான், வையுங்கோ.

வாற வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் வகுப்பு மாத்தலாம். மாத்தாட்டி ஃபெயில். ஃபெயிலெண்டால் இஞ்சை ஜேர்மன் கம்பஸிலை அந்த செமஸ்டரைக் கணக்கிலை எடுக்காயினம். பிள்ளையின்ரை அரை வருசம் போச்சு. விளங்குதோ? அதுதான் உங்களை மறிச்சு வைச்சிருக்கிறன். நீங்கள் உந்த சொஃப்ட்வெயார் கந்தோரிலை நாள் முழுக்க இங்கிலிஸிலை எழுதிற ஆள். நான் சொல்லச் சொல்ல அங்கை ஒரு ஈமெயில் தட்டிவிடுங்கோ. விலாசம் இந்தா, மகள் அனுப்பினது. எடுங்கோ ஃபோனை.

அவளே எழுதலாம்தான். மாட்டாளாம். "செய்த ஆளே எழுதட்டும்" எண்டிட்டாள்.

...உப்பிடிப் பாக்காதேங்கோ. ஓம். நான்தான்.

அண்டைக்கு மூண்டு மணிக்கு முதல் ஃபோர்ம் போகவேணும். இவள் வந்த ரெயின் இடைவழியிலை நிண்டுபோச்சு. "அம்மா, கடையிலை என்ரை லப்டொப் திறந்து கிடக்கு, எல்லாம் நிரப்பியாச்சு, அனுப்பிற பட்டனை மட்டும் அமத்துங்கோ" எண்டு ஃபோன். நான் பாத்தால் ஃபோர்மிலை 'பாஷைத் தராதரம்' எண்டு ஒரு பெட்டி. என்ரை பிள்ளை தன்னை ஆக அடியிலை போட்டு வைச்சிருக்கிறாள்! தம்பி, பதினேழு வயசிலை ஷோனெஃபெல்ட் எயார்போட்டிலை வந்திறங்கேக்கை எனக்கு ஜேர்மன் பாஷையிலை ஒரு சொல்லுத் தெரியாது. விடியக்காலமை மொத்தச் சந்தையிலை மரக்கறிக்காரரோடை கத்திக் கத்திப் படிச்சனான். அங்கை படிச்சது ஒண்டுதான். மேலை கேட்டால்தான் நடுவிலை நிப்பாங்கள். அடியிலை கேட்டால் காலுக்குக் கீழை போடுவாங்கள். அதுதான் ஆக மேலை மாத்தினன். வகுப்புப் பிரிக்கிற பரீட்சை எழுதிறியோ எண்டும் ஃபோர்மிலை கேட்டது. மேல் வகுப்புக்காரருக்கென்ன பரீட்சை? தேவையில்லை எண்டு அமத்தினன். அவங்கள் இறக்கிப் பேசுவாங்கள், நடுவிலை முடிப்பம் எண்டு பாத்தால், பாவியள் கேட்ட விலைக்கே தந்திட்டாங்கள்!

சரி, எழுதுங்கோ. "ஐயா, அம்மா, என்ரை மகளுக்கு ஒண்டும் தெரியாது." எழுதியாச்சோ? "ஒரு எழுத்தும் தெரியாது." தெரியும்தான், தம்பி! ஆனால் தெரியுமெண்டால் அவங்கள் மேலை இழுப்பாங்கள். நல்லா அடியிலை கேப்பம், நடுவிலை நிப்பாங்கள். "அவளைச் சின்னப் பிள்ளையளோடை இருத்தினாலும் சம்மதம்." போடுங்கோ! கீழை என்ரை பேர், பிரபாலினி தபோதரன். ஆ... அது போதும்.

பொறுங்கோ, ஃபோன் அடிக்குது. மகள்தான், குரல் அனுப்பியிருக்கிறாள்... ஸ்ஸ்...

ஐயோ தம்பி! கேட்டியளோ! இண்டைக்குக் கம்பஸ் கந்தோருக்குப் போய்த் தானே அந்தப் பரீட்சையைக் கேட்டு எழுதினவளாம்! அந்த மேல் வகுப்புக்காரரோடை ஒரு மாசம் இருந்து முழிச்சதிலை காது திறந்திட்டுதாம். புதுசா வந்தவைக்கு முதலாம் வகுப்பு, இவளுக்கு இரண்டாம் வகுப்பு! சோக்கான வகுப்பாம்! பாத்தியளோ, ஆரின்ரை பிள்ளை! இந்தாங்கோ, கறிவேப்பிலை சும்மா கொண்டுபோங்கோ, மிளகாயும் அள்ளுங்கோ!

கடைசியிலை என்ன சொன்னவள்? ஓம், "அம்மா, கும்பிட்டுக் கேக்கிறன், கந்தோருக்கு ஒண்டும் எழுதிப்போடாதேங்கோ."

அதை அழியுங்கோ, தம்பி.

...ஏன் முழிக்கிறியள்?

அனுப்பிட்டியளோ? எப்ப? நான் போதும் எண்டவுடனையோ? ஐயோ, நீங்களும் சொன்னதை அப்பிடியே செய்யிற ஆளோ!

சரி. பதறாதேங்கோ. இன்னொண்டு எழுதுவம். "மகளுக்கு எல்லாம் தெரியும், நாலாம் வகுப்பு தாங்கோ" எண்டு போடுங்கோ. அதையும் இதையும் வைச்சுப் பாத்து, நடுவிலை இரண்டிலை நிப்பாங்கள்!

தம்பி?... தம்பி, எங்கை ஓடுறியள்? கறிவேப்பிலை!