பின்னிருக்கைப் பொத்தான்

இரவு பதினொரு மணி. கிடங்குகளைத் தாண்டிக் கால்வாயோரமாகச் செல்லும் சாலை. தெருவிளக்கு ஒன்றுகூடக் கிடையாது... நம் தையற்காரியின் அண்ணனுக்கு நேர்ந்தது இது. நெருங்கி உட்காருங்கள், உரக்கச் சொல்லக்கூடிய விஷயம் அன்று.

அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். இயந்திர அறைகளின் இரைச்சலில் பாதிச் செவி போயிற்று. மருத்துவமனைச் சலவைப் பிரிவில் பிந்தி வேலை முடியும் மனைவியை அழைத்துவர, பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். வண்டியில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. இடது கைப்பிடிக்குக் கீழே மட்டும், எவரோ தனியாகப் பொருத்திய சின்னஞ்சிறு சுவிட்ச். போட்டாலும் ஒன்றும் நடக்கவில்லை, அணைத்தாலும் இல்லை. பதில் சொல்லாத சுவிட்சை அவர் தம் தொழிலில் கண்டதில்லை. உறக்கம் பிடிக்கவில்லை. படுக்கையிலிருந்து எழுந்து போவார். டக்... டக்... போடுவார், அணைப்பார்.

"புதுப் பொண்டாட்டி வந்த மாதிரி அதையே சுத்திச் சுத்தி வர்றீங்க," என்றாள் மனைவி.

கடைசியில் மெக்கானிக் இருக்கையைக் கழற்றி ஒயரைத் தொடர்ந்து போனான். அது பின்னிருக்கையின் விளிம்புக்கு அடியில் ஒளிந்திருந்த ஒரு பொத்தானுக்குப் போயிற்று. அங்கிருந்து வேகமானிக்கு அருகே, தூசி மூடிக் கிடந்த ஒரு சிவப்பு விளக்குக்கு.

"மேல சுவிட்சைப் போட்டாத்தான் பட்டன் வேலை செய்யும்ணே. முன்ன வெச்சிருந்தவரோட சம்சாரத்துக்குப் பேச்சு வராது. இறங்கணும்னா அழுத்துவாங்களாம்."

"இப்ப அந்தம்மா எங்கே?"

"இல்ல, போய்ச் சேந்துட்டாங்க. அந்தக் கால்வாய்ப் பாலத்துல..." மெக்கானிக் ஸ்பேனரைத் துடைத்தான். "நமக்கெதுக்குண்ணே."

வீட்டில் இதைக் கேட்ட மனைவிக்குக் கொண்டாட்டம். "நான் கத்துறது என்னைக்கு உங்க காதுல விழுந்துச்சு? இனிமே அழுத்துறேன்."

அன்று இரவே சுவிட்சைப் போட்டுவிட்டு, அவளை அழைத்துவரத் தனியாகக் கிளம்பினார். கால்வாய்ப் பாலம்... சிவப்பு விளக்கு எரிந்தது.

விளக்கு எரிந்தால் நிறுத்த வேண்டும். அது உடம்பில் ஊறிய தொழில். கை தானாகப் பிரேக்கைப் பிடித்தது. பின்பக்க ஸ்பிரிங் கிறீச்சிட்டுத் தாழ்ந்தது. லிஃப்டுக்குள் ஒருவர் காலெடுத்து வைத்தால் தளம் தாழுமே, அதே தாழ்வு. நனைந்த கம்பளியின் வாடை. திரும்பிப் பார்த்தார். எவருமில்லை. 'ஒயரில் ஈரம் இறங்கியிருக்கும்,' என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

மருத்துவமனை வாசலில் மனைவி ஏறும்போதே கேட்டாள். "சீட்டு ஏங்க ஈரமா இருக்கு?"

"பனி."

வீட்டுக்கு வேறு பாதை இல்லை. அவளைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும். அவள் ஒரு கையில் பை. மறு கை அவர் தோளில்.

பாலத்தில் மறுபடியும் விளக்கு எரிந்தது. நிறுத்தினார். இம்முறை திரும்பவில்லை. ஸ்பிரிங் மெல்ல... மெல்ல... உயர்ந்தது. ஏறியது இறங்கிவிட்டது. லிஃப்ட்காரர் கணக்கு அவ்வளவுதான். தோளில் இருந்த கை அகன்றிருந்தது. இரண்டு கைகள் இடுப்பைச் சுற்றி இறுக்கிக்கொண்டன. அவளும் பயந்துவிட்டாள், பாவம் என்று நினைத்தார். வண்டியைப் பறக்கவிட்டார்.

வீட்டு வாசல். இயந்திரத்தை அணைப்பதற்குள் சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கைபேசியைக் காதில் வைத்தார். தவளைச் சத்தம். அதன் நடுவே மனைவியின் குரல்.

"ஏங்க... செருப்பு விழுந்துடுச்சுன்னுதான் அழுத்தினேன். இறங்கி எடுக்கிறதுக்குள்ள விட்டுட்டுப் போயிட்டீங்களே. பாலத்துல தனியா நிக்கிறேங்க."

இடுப்பைச் சுற்றியிருந்த கைகள் தளரவில்லை. நனைந்த கம்பளியின் வாடை. வேகமானிக்கு அருகே சிவப்பு விளக்கு எரிந்தது.