வான்மதிக்கு நான் போட்ட கட்டுகள்

என் பெயர் திருமூர்த்தி. தகப்பனார் பெயர் காளியப்பன். வயது 61. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவது தொழில். சொந்த ஊர் உடுமலைப்பேட்டை. தற்போது அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் கேட்டி நகரில், பசுபதி என்பவரின் வீட்டு மாடி அறையில் இருந்து வருகிறேன். எனக்கு ஆங்கிலம் தெரியாது. நான் தமிழில் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் ரக்ஷா, வாக்குமூலம் எழுதும் போலீஸ் அதிகாரிக்கு எடுத்துச் சொன்னார்.

பசுபதி எண்ணெய்க் கிணறுகளுக்கு இயந்திரம் கொடுக்கும் கம்பெனியின் முதலாளி. 2024 பிப்ரவரியில் தன் தோள்பட்டை வலிக்கு வைத்தியம் பார்க்க என்னை விசிட்டர் விசாவில் வரவழைத்தார். வந்த அன்றே என் பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டார். தோள் குணமானதும் ஊருக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டேன். "அந்தக் காலத்துல ராஜாவுக்கு அரண்மனை வைத்தியர்னு இருந்தாங்கல்ல, எனக்கு நீ. பேசாம இரு" என்று சிரித்தார். விசா முடிந்த பிறகு, வாசலைத் தாண்டினால் போலீஸ் பிடித்து உள்ளே போட்டுவிடும் என்றார். நானும் நம்பித் தொலைத்தேன்.

2024 ஜூனில் அவர் மனைவி வான்மதி, வயது 34, இடது முன்கை ஒடிந்து வந்து நின்றார். படியில் விழுந்ததாகச் சொன்னார். விழுந்து ஒடிந்த கைக்கும் அடிபட்டு ஒடிந்த கைக்கும் வித்தியாசம் தெரியாமல் நாற்பது வருடம் இந்தத் தொழிலில் இருந்திருக்க மாட்டேன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. பயம்தான். உளுந்து மாவையும் முட்டை வெள்ளைக்கருவையும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினேன். அதன் பிறகு டிசம்பரில் கழுத்துக்குக் கீழே காறை எலும்பு. அதன் பிறகு 2025 ஏப்ரலில் வலது மணிக்கட்டு. ஒவ்வொரு தடவையும் பசுபதி பக்கத்தில் நின்று, "ஹாஸ்பிட்டல் போனா கேள்வி கேப்பாங்க. கோணாம கட்டு, யோவ்" என்பார்.

2025 அக்டோபர் 11, சனிக்கிழமை, மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு சமையலறையில் சத்தம் கேட்டுப் போனேன். வான்மதி தரையில் உட்கார்ந்திருந்தார். இடது கை பழைய இடத்திலேயே மறுபடி ஒடிந்து தொங்கியது. பசுபதி சட்டை மாற்ற மாடிக்குப் போயிருந்தார். வான்மதி அழவில்லை. ஒடிந்த கையை என் பக்கம் நீட்டி, "சீக்கிரம் கட்டிருங்கய்யா. அவரு கீழ வர்றதுக்குள்ள முடிச்சிருங்க" என்றார்.

அதையும் என்னால் கட்டியிருக்க முடியும். "இல்லீங்க அம்மணி, நான் கட்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, மேசையில் இருந்த பசுபதியின் போனில் 911 அழுத்தினேன். பேசத் தெரியாததால் "தமிழ், தமிழ்" என்று மட்டும் கத்தினேன். பசுபதி வந்து போனைப் பிடுங்கி என் முகத்தில் அடித்தார். அதற்குள் தகவல் போய்விட்டது. ஆம்புலன்ஸும் காவலர்களும் வந்தார்கள்.

மருத்துவமனையில் எடுத்த எக்ஸ்ரேயில் பழைய முறிவுகள் மூன்று தெரிந்ததாகவும், அவை சின்ன வயதில் விளையாடும்போது ஏற்பட்டவை என்று பசுபதி சொல்வதாகவும் அறிந்தேன். அது பச்சைப் பொய். மூன்றும் அவர் வீட்டில் ஒடிந்தவை, மூன்றையும் கட்டியவன் நான். இந்த நாட்டில் உரிமம் இல்லாமல் வைத்தியம் பார்ப்பது குற்றம், இதைச் சொன்னால் என் மீதும் வழக்கு வரலாம் என்று அதிகாரி இரண்டு முறை எச்சரித்தார். வரட்டும்.

விட்டுப்போனது ஏதாவது உண்டா என்று அதிகாரி கேட்டார். ஒன்று உண்டு. 2025 மே கடைசியில் பக்கத்து வீட்டார் புகார் செய்து இரண்டு காவலர்கள் வந்தார்கள். வான்மதியிடம் கையைக் காட்டச் சொன்னார்கள். அவர் இரண்டு கையையும் நீட்டித் திருப்பிக் காட்டினார். ஒரு கோணல் இல்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, எலும்பு எவ்வளவு நேராகக் கூடியிருக்கிறது என்று பெருமையாக இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

எழுதியதை ரக்ஷா தமிழில் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) கா. திருமூர்த்தி