இரண்டு கரைசல்களுக்கு நடுவில்

சஹானா, கல்கத்தாவில் மே மாதத்துக் குழாய்த் தண்ணீர் வெந்நீர் மாதிரி வரும். அதனால்தான் நான் இரண்டு கரைசல் முறைக்கு மாறினேன். கறுப்பு வெள்ளை பிலிமை அந்த முறையில் கழுவுவது எப்படி என்று எழுதித் தரச் சொன்னாய். எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட இன்னொரு கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது.

விளக்கை அணைத்து, பிலிமைச் சுருளில் ஏற்றி, டாங்கில் போட்டு மூடியைத் திருகிவிடு. அதற்குப் பிறகு விளக்கைப் போட்டுக்கொள்ளலாம். கரைசல்கள் மூடியில் உள்ள துளை வழியாகவே போய் வரும். முதல் கரைசலில் டெவலப்பர் மருந்து. அதில் படம் எழும்பாது. பிலிம் மருந்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். மூன்று நிமிடம் கழித்து அதைக் கொட்டிவிட்டு இரண்டாவதை ஊற்று. அதில் வெறும் காரம். குடித்த மருந்து அங்கேதான் வேலை செய்யும். வெளிச்சமான இடங்களில் மருந்து சீக்கிரம் தீர்ந்து வேலை நின்றுவிடும். நிழலான இடங்களில் மெதுவாகத் தொடரும். அதனால் இருட்டில் இருப்பதும் தெரியும். இதற்கும் மூன்று நிமிடம். பிறகு வழக்கம்போல ஹைப்போவில் நிலைநிறுத்திக் கழுவ வேண்டும்.

விதி ஒன்றுதான். இரண்டு கரைசல்களுக்கும் நடுவில் தண்ணீர் விடக் கூடாது. வேறு முறையில் பழகிய கை தானாகவே குழாயைத் தேடும். விட்டுவிட்டால் குடித்த மருந்தெல்லாம் போய்விடும். பிலிம் வெறும் கண்ணாடியாக வெளியே வரும்.

1996-ல் உன் அப்பா வீரராகவன் ஹவுராவில் எங்கள் மோட்டார் பழுதுபார்க்கும் தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி. நான் போட்டோ பிரிவு. எரிந்துபோன காயில்களைப் படம் எடுத்து அறிக்கைக்குத் தருவது என் வேலை. என் இருட்டறைக்கு வெளியே ஒரு நடை. நடையின் கோடியில் வார்னிஷ் கொட்டகையின் பின்கதவு. கொட்டகை ஆட்கள் டீ குடிக்க அந்த வழியாகத்தான் குறுக்கே போவார்கள். போகும்போது யாராவது ஒருவர் என் கதவைத் திறந்து பார்ப்பார். இரண்டு மாதத்தில் நான்கு பிலிம்கள் வெளிச்சம் பட்டுக் கெட்டன. நான் எழுதிக் கொடுத்தேன். யாரும் கவனிக்கவில்லை. அந்தப் பின்கதவுக்கு என் நடைப் பக்கமாக ஒரு சங்கிலி போட்டேன். பூட்டு என் அலமாரிப் பூட்டு, பிரிவு எண் 7 பொறித்தது. யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள்.

பாலிகஞ்சில் நாம் மேல்வீடு கீழ்வீடு. அப்பாவும் நானும் சேர்ந்தே படகில் ஹூக்ளியைக் கடப்போம். ஒரு நாள் அவர் சொன்னார்:

"ஓய் ரங்கராஜன், நான் தனியாப் போனா கதவுல சங்கிலி தொங்கறது. மேனேஜரைக் கூட்டிண்டு போனா மட்டும் அது ஒழுக்கமா நிக்கறது. போட்டோ இருந்தாக் கொண்டாங்கோ, அப்புறம் பேசலாம்கறார்."

"யாரா இருக்கும்?" என்று கேட்டேன்.

"ஸ்டோர்ஸ்காரன்தான், வார்னிஷ் டின் திருட்டுப் போகப்படாதுன்னு. வேற யாருக்கு அதுல என்ன லாபம்?"

மேனேஜரை எப்போது அழைத்துப் போவார் என்பதையும் அவரே முதல் நாள் படகில் சொல்லிவிடுவார். நான் முன்னதாகப் போய்க் கழற்றி வைப்பேன்.

ஒரு வியாழக்கிழமை, நான் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், நடையில் நின்று படம் எடுத்துவிட்டார். பிலிமை என்னிடமே கொண்டுவந்தார். "பிளாஷ் இல்லை, ஒரே இருட்டு, பூட்டுல என்ன எழுதியிருக்குன்னு கண்ணுக்குத் தெரியலை. ஆனா உம்ம ரெண்டு தண்ணியில போட்டா பூட்டுல இருக்கற எழுத்தைக்கூடப் படிக்கலாமே" என்றார். உண்மைதான். அதைத்தான் நான் வருஷக்கணக்கில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பயம் வந்தது. முதல் கரைசலைக் கொட்டினேன், டாங்கைக் குழாயடியில் வைத்தேன், பத்து நிமிடம் தண்ணீர் ஓடவிட்டேன். பிறகு இரண்டாவதை முறைப்படி ஊற்றினேன். ஷட்டர் திறக்கவில்லை போலிருக்கிறது என்று சொல்லி வெறும் பிலிமைக் கொடுத்தேன். அவர் என்னைச் சந்தேகிக்கவில்லை. "போறது, திங்கக்கிழமை வேற கேமராவுல எடுக்கறேன்" என்றார்.

சனிக்கிழமை பகலில் கொட்டகையின் முன்பக்கம் தீப்பிடித்தது. தபன், நிமாய் என்று இரண்டு பேர் உள்ளே. நான் இருட்டறையில் இருந்தேன். பின்கதவைத் தட்டினார்கள். இருட்டறையில் வேலை நடக்கும்போது யார் தட்டினாலும் திறப்பதில்லை என்பது இந்தத் தொழிலின் வழக்கம். பிலிம் அப்போதுதான் இரண்டாவது கரைசலுக்குப் போயிருந்தது. மூன்று நிமிடத்தைக் கடிகாரத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். புகை கதவுக்கு அடியில் வந்தது. தட்டுவது நின்ற பிறகு வெளியே போய்ப் பூட்டைத் திறந்து, சங்கிலியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். சாயங்காலம் படகிலிருந்து ஆற்றில் விட்டேன்.

விசாரணையில், அந்தக் கதவை யாரும் பூட்டியதே இல்லை என்றேன். பிலிமைக் கையில் வைத்துக்கொண்டு இருட்டில் நின்றிருந்தேன், வெளியே வர வழியில்லை என்றேன். கதவில் சங்கிலி இருந்தது என்று அப்பா சொன்னார். அவரிடம் இருந்தது அந்த வெறும் பிலிம் மட்டும். தன் கவனக்குறைவை மறைக்கக் கதை கட்டுகிறார் என்று எழுதி அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். பிறகு ஐந்து வருஷம் உயிரோடு இருந்தார். அந்த ஐந்து வருஷமும் என்னோடு காபி குடித்தார்.

நம் வீட்டில் யாரும் கதவைத் தட்டக் கூடாது, பெல்தான் அடிக்க வேண்டும் என்று மாமி எல்லோரிடமும் சொல்வாள். நான் சொல்லி வைத்தது. காரணம் அவளுக்குத் தெரியாது. போன ஞாயிற்றுக்கிழமை கரண்ட் இல்லை. நீ தட்டினாய். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மாமிதான் திறந்தாள்.

அப்பாவின் பெட்டியில் இருந்த பிலிமை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தபடி கேட்டாய்: "மாமா, ஷட்டர் திறக்கலைன்னா படம்தானே வராது? ஓரத்துல கம்பெனி போட்ட நம்பர் வந்திருக்கணுமே. இதுல அதுவும் இல்லையே." "போலுன் நா, மாமா" என்று, சொல்லுங்களேன் என்பதைப் பெங்காலியில் சொல்லிச் சிரித்தாய்.

இதோ, சொல்லிவிட்டேன். ஓர எண்களை பிலிம் கம்பெனியே பதித்து அனுப்புகிறது. அவையும் மருந்தில்தான் எழும்ப வேண்டும். நான் அவற்றையும் சேர்த்துக் கழுவிவிட்டேன். ஏழு வருஷமாக நான் பயந்தது போலீஸுக்கு அல்ல. அந்தத் துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கப்போகும் ஒருவருக்குத்தான்.

இன்னும் ஒன்று. அவர்கள் சும்மா தட்டவில்லை. "ரங்காதா, தாலா கோலோ" என்று என் பெயரைச் சொல்லிப் பூட்டைத் திறக்கச் சொன்னார்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சாவி என் சட்டைப் பையில் இருந்தது. டாங்கின் மூடி திருகித்தான் இருந்தது. விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. அவர்கள் வெளியே வந்தால், பூட்டு என்னுடையது என்று யாரிடமாவது சொல்வார்கள் என்று பயந்தேன்.

அந்தச் சனிக்கிழமை கழுவிய பிலிமை மாதிரிக்காக இத்துடன் வைத்திருக்கிறேன். நிழல்களைப் பார், எவ்வளவு தெளிவு. ஓரத்தில் ஓர் எண்கூட விடுபடவில்லை.