குப்புற ஒட்டிய தாள்

அந்த விளக்கையும் அணைத்துவிடுங்கள்... சொல்கிறேன். என் நண்பன் கிசுகேயின் தாய்மாமன் மொன்சோவுக்கு நேர்ந்தது இது.

வௌவால் கிளம்புகிற அந்திப் பொழுது. சுமிதா என்ற ஆற்றின் கரைப் பாதையில் மொன்சோ தனியாக வந்துகொண்டிருந்தார். ஓவியர் தோகானின் இறந்துபோன மனைவியைச் சிதையில் எரித்துவிட்டுத் திரும்புகிறார். பின்னால் ஒரு வாசனை... அரிசிப் பசை. அப்போதுதான் காய்ச்சியது போல. திரும்பிப் பார்த்தார். நாணல் மட்டும்தான்.

மொன்சோவுக்குப் பழைய புத்தக வியாபாரம். மரப்பலகையில் செதுக்கி அச்சடிக்கும் படங்களை வரைந்தவர்களைப் பற்றி ஓர் ஏடு எழுதிச் சேர்த்துவந்தார். இரவல் வாங்குகிறவர்கள் பிரதி எடுத்துக்கொள்வார்கள். தங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்துத் தருவார்கள். அதில் பெயர் இல்லாவிட்டால் அந்த ஓவியரை நாளைக்கு யாருக்கும் தெரியாது.

தோகான் பெயரில் விற்ற படங்களில் பாதிக்கு மேல் வரைந்தது அவர் மனைவி. மொன்சோ அதைக் கண்ணால் பார்த்தவர். ஒருமுறை தேநீர் வைக்க வந்தவள் கேட்டாள்:

"என்னைப் பத்தியும் ஒரு வரி எழுதுங்களேன்."

"என்னன்னு எழுத? நல்லா மை அரைப்பாள்னா?" என்றார் மொன்சோ.

தோகான் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. தூரிகையைக் கழுவப் போய்விட்டாள். மொன்சோ அதையே எழுதியும் வைத்தார்.

எரித்த மறுநாள் அந்த வரி எழுதிய தாள் மொன்சோவின் மேசையில் குப்புற ஒட்டிக் கிடந்தது. செதுக்குகிற பலகையில் படத்தை அப்படித்தான் ஒட்டுவார்கள். ஒட்டி, ஈரவிரலால் தாளின் முதுகைத் தேய்த்துத் தேய்த்து, உள்ளே கோடு தெரிகிற வரை மெலிதாக்கி, அப்புறம்தான் உளி வைப்பார்கள். இந்தத் தாளும் தேய்ந்திருந்தது. வேறு தாளில் எழுதினார். அதுவும் குப்புற.

அன்று கண் அசந்தபோது பின்கழுத்தில் ஓர் ஈரவிரல்... சர்... சர்... சர். அவசரமே இல்லாமல். விடிந்து தொட்டுப் பார்த்தால், தோல் வெங்காயச் சருகு போல மெலிந்திருந்தது.

தோகானிடம் ஓடினார்.

"உன் பெண்டாட்டி பேரைச் சொல்லுய்யா! எழுதித் தொலைச்சிடறேன்."

"பேரா? 'ஏய்'னா வருவா." தோகான் கள்வெறியில் இருந்தார். "அவதான் வரைஞ்சான்னு எழுதினா என் படத்தை எவன் வாங்குவான்? போய்யா."

அத்தனை வருஷம் அந்த வீட்டில் தேநீர் குடித்தவர், ஒருநாளும் அவள் பெயரைக் கேட்டதில்லை.

புத்த மடத்துக்குப் போனார். இறந்தவர்களுக்கு அங்கே புதுப்பெயர் வைப்பார்கள் அல்லவா, அந்த நீளமான பெயரைப் பிக்கு படித்துச் சொன்னார். தோகான் காணிக்கை கொடுத்து வாங்கிய பெயர். மொன்சோ அதையே அழகாக எழுதி, 'படங்களை வரைந்தவள் இவள்' என்று சேர்த்தார். நிம்மதியாகப் படுத்தார்.

அவள் உயிரோடு இருந்தபோது அந்தப் பெயரைச் சொல்லி ஒருவரும் அவளைக் கூப்பிட்டதில்லை.

இரவு அண்டை வீட்டார் கேட்டார்கள். டொக்... டொக்... டொக். உளிச் சத்தம்.

"யாரோ அவசர வேலை பாக்கறான் போல," என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்கள்.

காலையில் கிசுகே வந்தபோது மாமன் மேசையில் குப்புறக் கிடந்தார். முகம் பலகையோடு பசையில் ஒட்டியிருந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. பின்கழுத்தில் சுற்றிலும் தோல் வழித்தெடுக்கப்பட்டு, எழுத்துகள் மட்டும் புடைத்து நின்றன. எல்லாம் இடம் வலம் மாறி. அழுதுகொண்டே கிசுகே அதில் மை தடவினான். ஒரு தாளை வைத்து ஒற்றி எடுத்தான்.

'வரைந்தவள் ரிசே.'

அந்த வரியை கிசுகே ஏட்டில் சேர்த்துவிட்டான். போன வாரம் தோகான் ஏட்டை இரவல் வாங்கி, அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டுப் பிரதி எடுத்தாராம். நேற்று கிசுகே அவரைப் பாலத்தில் பார்த்திருக்கிறான். நல்ல வெயில். கழுத்தைச் சுற்றித் துணி கட்டியிருந்தார்.

பின்பக்கம் மட்டும் நனைந்திருந்ததாம்.