முதல் கல்லும் நீலச் செருப்பும்

பெயர் சின்னத்தம்பி புஸ்பம். வயது எழுபத்து மூன்று. விலாசம் கோயில் பின்வீதி, அமிர்தகழி, மட்டக்களப்பு. படிப்பு இரண்டாம் வகுப்பு. முன்பு வாவியில் இறால் பிடித்து விற்றேன், இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை.

நான் மேற்படி விலாசத்தில் என் பேத்தி விதுர்ஷாவுடன் வசிக்கிறேன். எனக்கு ஒரே மகன், பெயர் யோகராசா. அவன் காணாமல் போனது பற்றியும், பொலிசார் எனக்குக் காட்டிய பொருட்கள் பற்றியும் கேட்கப்பட்டதால் இதைச் சொல்கிறேன்.

இரண்டாயிரத்துப் பதின்மூன்றாம் ஆண்டு வைகாசியில் என் மகன், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் காட்டோர ஆற்றங்கரை ஒன்றில் கதிர்காமத்தம்பி என்பவர் களவாக வெட்டிய கல் குழிக்கு வேலைக்குப் போனான். அங்கே மேல்மண்ணுக்குக் கீழே பொடிக்கல்லும் மணலுமான பரல் படை இருக்கிறது என்றும், அந்தப் பரலைக் கூடையில் அள்ளி ஆற்றில் அரித்தால் கோமேதகம் கிடைக்கும் என்றும், நல்ல கல் சீனி போடாத தேத்தண்ணி நிறத்தில் இருக்கும் என்றும் மகன் எனக்குச் சொல்லியிருக்கிறான். அந்தக் குழிக்காரருக்கு இரண்டு வழக்கம் இருந்தது. முதலில் கிடைக்கும் கல் எங்கள் ஊர்க் கோயில் மாமாங்கேஸ்வரருக்கு. அதை விற்கமாட்டார்கள். குழிக்குள் இறங்குகிற ஆள் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஆடி அமாவாசைத் தீர்த்தத்தன்று கோயிலுக்குக் கொடுக்க வேண்டும். மற்றது, குழிக்குள் செருப்போடு இறங்கக் கூடாது. பக்கத்தில் நின்ற வீரை மரத்தடியில் கழற்றி வைத்துவிட்டே இறங்க வேண்டும். முதல் கல் என் மகன் கைக்குத்தான் வந்தது.

அதன் பிறகு ஆனி மாதம் அவன் வீட்டுக்கு வந்து நின்றபோது வாவிக் கரையில் உடைந்த போத்தல் ஓடு ஏறி இடது கால் பிளந்தது. நான் மஞ்சளும் எண்ணெயும் வைத்துக் கட்டினேன். அவனுடைய நீலச் செருப்பின் இடது வார் அறுந்து கிடந்ததால் வலை நூலால் தைத்துக் கொடுத்தேன். புண் ஆறும் முன்பே அவன் குழிக்குத் திரும்பிவிட்டான்.

அதன் பிறகு அந்தப் பக்கம் ஒரு நாள் பெருமழை பெய்தது. மழைக்கு மறுநாள் பின்னேரம் கதிர்காமத்தம்பி என் வீட்டுக்கு வந்தார். வெள்ளைச் சேட்டும் பச்சைக் கரைச் சாரனும் உடுத்திருந்தார். நான் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டே வாயைத் திறந்தார்.

"புஸ்பக்கா, உன்ட மகன் மாமாங்கத்தார்ர கல்லோட ஓடிட்டான்."

குழிக்குள் பார்த்தீர்களா என்று கேட்டேன். மழைக்குக் குழியின் சுவர் இடிந்து மூடிவிட்டது என்றார்.

"அவன் அதுக்குள்ள கிடந்தான் எண்டா?"

"இறங்கினவன்ட செருப்பு மரத்தடியில கிடக்கும் கா. ஒண்டும் இல்ல. செருப்பையும் போட்டுக்கொண்டுதான் போயிருக்கான். சாமிட கல்லத் திண்டவன் உருப்படமாட்டான்."

நான் பொலிசுக்குப் போக வெளிக்கிட்டேன். "போனா அவனக் கள்ளன் எண்டுதான் எழுதுவாங்க, யோசிச்சுப் போ" என்று கதிர்காமத்தம்பி சொன்னார். போக வேண்டாம் என்று மருமகள் பிரஷாந்தி என் காலைக் கட்டிப்பிடித்து அழுதாள், நான் போகவில்லை. அவள் வயிற்றில் அப்போது விதுர்ஷா இருந்தாள்.

அதன் பிறகு நான் தனியாக அந்தக் குழிக்குப் போனேன். குழி இருந்த இடம் சேறாய், சமமாய்க் கிடந்தது. அதற்கு மேல் நின்று மண்ணை வாரித் தூற்றி, கதிர்காமத்தம்பியின் குடி விளங்காமல் போக வேண்டும் என்று கத்தினேன். கால் நோகுமட்டும் அதிலேயே நின்றேன். அதன் பிறகு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதன் பிறகு பிரஷாந்தி பிள்ளையைப் பெற்று என்னிடம் விட்டுவிட்டு வெளிநாடு போனாள். அங்கே வேறு ஒருவரைக் கலியாணம் முடித்துக்கொண்டாள். அவளோடு நான் இன்றுவரை கதைப்பதில்லை. தீர்த்தத்துக்கு ஊரெல்லாம் எங்கள் ஒழுங்கையால்தான் போகும். "கல்லுக் கள்ளன்ட வீடு" என்று கை காட்டிப் போனவர்கள் யார் யார் என்று கேட்டால் இப்போதும் பேர் பேராய்ச் சொல்வேன். பேத்தியையும் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

இந்த வருடம் பங்குனியில் காத்தான்குடியைச் சேர்ந்த கல் வியாபாரி அஸ்கர், அனுமதிப் பத்திரம் எடுத்து அதே இடத்தில் குழி வெட்டியபோது மனித எலும்புகள் கண்டு பொலிசுக்கு அறிவித்தார். இடுப்பு எலும்போடு ஒட்டிக் கிடந்த பிளாஸ்ரிக் சொப்பின் பேக் துண்டில் கல் ஒன்று முடிந்திருந்தது. அதையும் அவரே ஒப்படைத்தார். பொலிஸ் நிலையத்தில் அவரைக் கண்டேன். "அம்மா, இது விலையான கல். ஓடுறவன் இத வித்திருப்பான். வித்தா எங்கட ஆக்கள்ர கைக்குத்தான் வந்திருக்கும், வரல்ல" என்றார். அந்த மனிசனுக்கு நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அதன் பிறகு எனக்கு ஒரு சோடி நீலச் செருப்புக் காட்டப்பட்டது. அவை கால் எலும்புகளோடு குழியின் அடியில் கிடந்ததாகச் சொன்னார்கள். இடது செருப்பின் வாரைத் தடவிப் பார்த்தேன். வலை நூல் அப்படியே இருந்தது. அது என் முடிச்சு.

வழக்கத்தை மீறி அவன் ஏன் செருப்போடு இறங்கினான் என்று என்னிடம் கேட்கப்பட்டது. அவன் வீட்டைவிட்டு வெளிக்கிட்ட அன்று, "மனே, புண்ணில சேறு படப்படாது, குழிக்க இறங்கினாலும் செருப்பக் கழட்டாத" என்று நான் வேலிப் படலையில் நின்று சொன்னேன். அவன் "ஓம்மா" என்றான். வேறு காரணம் எனக்குத் தெரியாது.

எலும்புகளை என்னிடம் தர வேண்டும். கல்லை ஆடி அமாவாசையன்று கோயிலுக்குக் கொடுக்க வேண்டும், அதைக் கொண்டுபோய் வைக்கிறவள் விதுர்ஷாவாக இருக்க வேண்டும். செருப்பு வழக்குக்குத் தேவை என்றால் வைத்துக்கொள்ளட்டும். முடிந்தபின் இடது செருப்பை மட்டுமாவது தாருங்கள்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். "கள்ளன்" என்று வருகிற இடமெல்லாம் அது மற்றவர்கள் சொன்ன சொல், என் சொல் அல்ல. மற்றபடி நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை என்று ஏற்று ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) சி. புஸ்பம்