தெருக்கோடிக் குழாய்

— அசையாதீங்க. ஊசி வயித்துல ஏறிடப் போகுது.

— சட்டையைக் கழட்டித் தர்றேன்னு சொன்னேன்ல?

— கழட்டினா மறுபடி மாட்ட அரை மணி நேரம். தோள்பட்டையைத் தூக்க முடியலைன்னு ராத்திரி பூரா முனகினது யாரு? இப்படியே நில்லுங்க கொத்தனாரே.

— நாலு மணிக்குக் கூட்டம்.

— நாலுன்னா நாலரை. எந்தக் கூட்டம் சொன்ன நேரத்துக்கு நடந்திருக்கு?

— இப்பல்லாம் நடக்குது. மைக் வைக்கிறாங்க, பிளாஸ்டிக் நாற்காலி போடுறாங்க, வர முடியாதவன் போன்ல ஒரு அமுக்கு அமுக்கினா அதுவும் ஓட்டாம்.

— அதான் ஒரு ஆளும் போறதில்லை. அவனவன் வீட்டு நாற்காலியை அவனவன் தலையில தூக்கிட்டுப் போன காலத்துல, தூக்கின பாவத்துக்காவது கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தான்.

— முடிவெட்டுறவர் நாற்காலி ஞாபகம் இருக்கா?

— மறக்குமா! கடையில இருந்த சுத்துற நாற்காலியை ரெண்டு பேர் பிடிக்கத் தூக்கிட்டு வருவாரே. யார் பேசுறாங்களோ அந்தப் பக்கமா சுத்திக்குவார்.

— நீயும் நானும் ரெண்டு மூலையில நின்னு மாத்தி மாத்திக் கத்தினப்போ, மனுஷன் சுத்திச் சுத்தி மயங்கிட்டார்.

— சிரிக்காதீங்க... வயிறு குலுங்குது. நூல் விட்டுப்போச்சு பாருங்க.

— நீ மட்டும் முக்காலி கொண்டு வருவே.

— சாயற நாற்காலியில உட்கார்ந்தா சட்டுன்னு எழுந்து கத்த முடியாது.

— அது சரி, இந்த ஒரு பட்டனை ஏன் விடமாட்டேங்கிறே? கடைக்காரன் தச்சுக் கொடுத்ததை வெட்டி எறிஞ்சுட்டு, சட்டைக்குச் சட்டை இதையே மாத்தி மாத்தித் தைக்கிறே. மத்ததெல்லாம் மெல்லிசா இருக்கு, கடைசியில இது மட்டும் செங்கல்லு மாதிரி.

— இடுப்புக்குள்ள செருகுற பட்டன்தானே. யார் கண்ணுல படப் போகுது? கெட்டிப் பட்டன். ஏழெட்டுச் சட்டை கிழிஞ்சு கரித்துணியாப் போச்சு. இது உடைஞ்சுதா?

— கொத்தனாரே! கிளம்பலையா?

— வாங்க தையல்காரண்ணே. இதோ, அஞ்சு நிமிஷம். பட்டன் அறுந்துபோச்சு, இவ பிடிச்சு நிறுத்தி வச்சிருக்கா.

— ஏம்மா தங்கச்சி, தெருவுல ஒரு தையல்காரன் உசுரோட இருக்கும்போதே என் தொழிலை நீ பண்றியா?

— உங்ககிட்ட கொடுத்தா அடுத்த வருஷக் கூட்டத்துக்குத்தான்ணே சட்டை வரும்.

— கண்ணு தெரிஞ்ச காலத்துல நான் எப்படித் தச்சேன்னு ஊரைக் கேளு. இப்போ ஜன்னல்ல நிக்கிறது நீயா, கொத்தனாரான்னே குத்துமதிப்பாத்தான் தெரியுது... பட்டன்னதும் ஞாபகம் வருது. குழாய்க் கூட்டத்துக்கு நான் கொடுத்தது நாப்பத்தொண்ணு வெள்ளை, நாப்பத்தொண்ணு கறுப்பு. கறுப்பு சரியா வந்துச்சு. வெள்ளை நாப்பதுதான் வந்துச்சு.

— ஆரம்பிச்சுட்டாரு. முப்பது வருஷமா இதே பாட்டு.

— முப்பது வருஷமா வரலையே தங்கச்சி! பேண்டு வாத்தியக்காரங்க கோட்டுக்குன்னு எண்ணி வாங்கினது. ஒண்ணு குறைஞ்சு, டிரம் அடிக்கிறவன் தொப்புள் தெரிய ஊர்வலம் போனான். பழி யாருக்கு? எனக்கு!

— நீங்க முன்னால போங்கண்ணே. இவரை அனுப்பி வைக்கிறேன். ஒரு இடம் பிடிச்சு வைங்க.

— இடமா? அம்பது நாற்காலி போட்டிருக்கு, எட்டு பேர் உட்கார்ந்திருக்கோம். ஆனா ஒரு அதிசயம்... கடிகாரக்காரர் வந்திருக்கார்.

— கூட்டத்துக்கா?

— கூட்டத்துக்குத்தான். வாசல் ஓரத்துல தனியா உட்கார்ந்திருக்கார். நாளைக்குக் காலையில பொண்ணு வீட்டுக்கே போயிடறாராம். கடைசியா ஒருதடவை பார்த்துட்டுப் போறேன்னார். சரி, வாங்க சீக்கிரம்.

— நாளைக்கே போறாரா... நீ சீக்கிரம் தை.

— எனக்குத் தெரிஞ்சு அந்த மனுஷன் கூட்டத்துல கால் வச்சு முப்பது வருஷம் ஆச்சு.

— பட்டன் யோசனையைச் சொன்னதே அவர்தான். கை தூக்கினா எவன் யாருக்குத் தூக்கினான்னு தெரிஞ்சு, மறுநாளே சண்டை. தெருவிளக்கு எங்கே வைக்கிறதுன்னு கை தூக்கினதுக்கு அண்ணன் தம்பி ரெண்டு வருஷம் முகம் பார்க்கலை. அதான் அவர் சொன்னார்... ஆளுக்கு ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு. தையல்காரர் கடைத் திரைக்குப் பின்னால ஒவ்வொருத்தரா போகணும். வேணும்ங்கிறதை டப்பாவுல போடு, மிச்சத்தைத் துணிப்பையில போடு.

— வெள்ளைன்னா குழாய் நம்ம தெருமுனைக்கு. கறுப்புன்னா தெருக்கோடிக்கு.

— நடுவுல வச்சிருந்தா இந்தப் பாடே இல்லை. அடியில பாறைன்னு அதிகாரி கையை விரிச்சுட்டார்.

— நம்ம முனையில இருபத்திரண்டு பேர். கோடியில பத்தொன்பது. எண்ணாமலே ஜெயிச்சுட்டோம்னு நம்ம பக்கம் எல்லாரும் குடத்தைக் கழுவி வச்சுட்டோம்.

— எண்ணிப் பார்த்தா வெள்ளை இருபது. கறுப்பு இருபத்தொண்ணு.

— தையல்காரண்ணன் மூணு தடவை எண்ணினார்.

— நம்ம பக்கத்துல ரெண்டு பேர் மாத்திப் போட்டிருக்காங்க. ரெண்டுன்னா ஒரே வீட்டுப் புருஷன் பொண்டாட்டிதான்னு யாரோ சொன்னாங்க. யோசனை சொன்னவர் யாரு? கடிகாரக்காரர். போதுமே! அவர் வீடுதான்னு தெருவே முடிவு கட்டிடுச்சு.

— அந்த மனுஷன் 'நான் போடலை'ன்னு ஒருதடவை சொன்னார். யாரும் காதுல வாங்கலை. ரெண்டாவது தடவை சொல்லவே இல்லை.

— அவர் சம்சாரம் சாகற வரைக்கும் நம்ம முனையில ஒருத்தி அவங்க வாசப்படி மிதிக்கலை.

— நான் மிதிச்சேன்.

— நீ மட்டும்தான். எனக்கே ஆச்சரியமா இருக்கும். தெருவுலயே அதிகமாத் திட்டினவ நீ, அந்த வீட்டுக்கு மட்டும் போய் வருவே.

— திட்டினது கறுப்புப் பட்டன் போட்டவங்களை. அவங்களை இல்லை... அது என்ன பையில, காகிதம்?

— கூட்டத்துல பேச வேண்டியது. குழாயை எடுக்கப் போறாங்கள்ல, அதுக்கு.

— எழுதியே வச்சாச்சா! அம்பது வயசுல எழுத்து படிச்சவர் இப்போ காகிதம் இல்லாம வாயைத் திறக்க மாட்டார்.

— கைநாட்டு வச்சுக்கிட்டே இருந்தேன். வச்ச இடத்துக்கு மேல என்ன எழுதியிருக்குன்னு ஒருநாளாவது தெரிய வேண்டாமா?

— படிங்க, கேட்போம்.

— இப்பவா?

— நூல் முடியற வரைக்கும் நீங்க எங்கேயும் போக முடியாது. படிங்க.

— 'மதிப்புக்குரிய கவுன்சிலர் அவர்களே, தெரு மக்களே. தெருக்கோடிக் குழாயை எடுக்க வேண்டாம். இப்போது வீட்டுக்கு வீடு குழாய் இருக்கிறது. ஆனால் தெருவில் போகிறவனுக்கும் தாகம் எடுக்கும். அந்தக் குழாய் மேடையை நான்தான் கட்டினேன். முப்பது வருடமாக ஒரு விரிசல் இல்லை...'

— தற்பெருமை.

— உள்ளதைத்தானே எழுதினேன்? 'அதை உடைப்பதற்கு ஒரு நாள் போதும். ஆனால் அதைக் கொண்டுவருவதற்கு நாம் பதினாறு கூட்டம் போட்டோம். நன்றி. வணக்கம்.'

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதான்.

— எனக்கு எழுத்துதான் தெரியாது. வரி தெரியும். உங்க கட்டைவிரலுக்கு அடியில ரெண்டு வரி ஒளிஞ்சிருக்கு.

— அது... தப்பா எழுதி அடிச்சது.

— அடிச்சிருந்தா குறுக்கே கோடு இருக்கும். விரலை எடுங்க.

— கூட்டத்துல படிக்கலாமா வேண்டாமான்னு நானே இன்னும்...

— ஊசி என் கையில இருக்கு. ஞாபகம் வச்சுக்கோங்க.

— படிச்சா நீ இந்த வீட்டுல எனக்கு ஒரு வாய் தண்ணி தரமாட்டே.

— தண்ணிக்கு இப்போ என்ன, திறந்தா கொட்டுது. படிங்க.

— 'குழாய் கோடிக்குப் போனதற்குக் கடிகாரக்காரரைப் பழி சொன்னோம். அன்றைக்குக் கறுப்புப் பட்டன் போட்டவன் நான்.'... ஆ! குத்திட்டியே!

— நான் குத்தலை. நீங்கதான் அசைஞ்சீங்க.

— ரத்தம் வருது.

— ஒரு பொட்டுதான். துடைச்சுக்கோங்க... நீங்களா?

— நான்தான்.

— அரை மணி நேரம் நின்னு, 'முனைக்குத்தான் குழாய், என் பிணத்து மேல நடந்துதான் கோடிக்குக் கொண்டு போகணும்'னு கத்தினீங்களே?

— கத்தினேன். நம்ம முனை வரிசைக்கு வாக்கு கொடுத்திருந்தேன். கத்திட்டுத் திரைக்குப் பின்னால போனேன்... கை கேட்கலை.

— ஏன்?

— அதுக்கு முந்தின நாள் கோடியில சலவைக்காரர் வீட்டுச் சுவர் பூசிக்கிட்டிருந்தேன். நல்ல வெயில். குடிக்கத் தண்ணி கேட்டேன். அவர் சம்சாரம் செம்பு நிறையக் கொடுத்துச்சு. குடிச்சுட்டுப் பார்த்தா, அந்தம்மா குடத்தைக் கவுத்து வைக்குது. அதுதான் வீட்டுல இருந்த கடைசித் தண்ணி. அடுத்த குடத்துக்கு அந்தக் கோடியிலிருந்து நம்ம முனை தாண்டி, ரோடு தாண்டிக் கிணத்துக்கு நடக்கணும். வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லலை அந்தம்மா. சொல்லிக் காட்டியிருந்தா நான் வெள்ளையையே போட்டிருப்பேன். வீட்டுக்குக் குழாய் வர்ற வரைக்கும் நீ பதிமூணு வருஷம் சுமந்தே. எனக்குத் தெரியும். போக இருநூத்திப் பத்து அடி, வர இருநூத்திப் பத்து. எண்ணியிருக்கேன். ஒவ்வொரு தடவையும் குடத்தை இறக்கி வச்சுட்டு 'கறுப்பு போட்டவன் கை விளங்காமப் போக'ம்பே. நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்குவேன்.

— அந்தக் கையைத்தான் இப்போ தோளுக்கு மேல தூக்க முடியலை.

— கிண்டல் பண்ணாதே. நான் மனசார பேசுறேன்.

— அதான் ஓடுற கடிகாரத்தை மாசா மாசம் ரிப்பேருக்குக் கொண்டு போனீங்களா?

— உனக்குத் தெரியுமா?

— நீங்களே முள்ளைப் பின்னால தள்ளி வைப்பீங்க. அப்புறம் 'மெதுவா ஓடுது'ன்னு சுவர்லேர்ந்து கழட்டித் தூக்கிட்டுப் போவீங்க. கண்ணு பொட்டையா எனக்கு?

— அவரும் ஒருநாள்கூட 'இதுல ஒண்ணும் இல்லையே'ன்னு சொன்னதில்லை. 'கொஞ்சம் தூசி'ம்பார். துடைச்சுக் கொடுப்பார். அவ்வளவு நேரம் பக்கத்துல உட்கார்ந்துட்டு வருவேன். சொல்லணும் சொல்லணும்னு போவேன்... தூசியைத்தான் பேசிட்டு வருவேன். நாளைக்கு அவர் போயிட்டா, அப்புறம் யார்கிட்ட சொல்றது?

— இன்னைக்கு எல்லார் முன்னாலயும் சொல்லப் போறீங்க.

— நம்ம வரிசையில மிச்சம் இருக்கிற ஆளுங்க காறித் துப்பட்டும். உன் முகம்தான் பயமா இருந்துச்சு. அதுவும் முடிஞ்சுது. ஆனா முழுசா ஒண்ணும் தீராது பார்த்துக்கோ. மாறினது ரெண்டு பட்டன். ஒண்ணு நான். இன்னொண்ணு அவரோ, இல்லை அவர் சம்சாரமோதான். அதை நான் கிளறப் போறதில்லை. பாதிப் பழியாவது இறங்கட்டும்.

— அவங்க ரெண்டு பேரும் வெள்ளைதான் போட்டாங்க.

— உனக்கு எப்படித் தெரியும்?

— நூலைக் கடிக்கணும். கிட்ட வாங்க... ம். முடிஞ்சுது.

— எப்படித் தெரியும்னு கேட்டேன்.

— அந்தப் பட்டனைக் குனிஞ்சு பாருங்க.

— பார்த்தேன். உன் கெட்டிப் பட்டன். முப்பது வருஷமா பார்க்கிறதுதானே.

— என்ன நிறம்?

— வெள்ளை.

— தையல்காரண்ணனுக்கு என்ன குறையுது?

— ஒரு வெள்... ஏய்!

— மிச்சத்தைத் துணிப்பையில போடச் சொன்னாங்க. கறுப்பை டப்பாவுல போட்டதும் திரையை விலக்கிட்டு ஓடி வந்துட்டேன். வெளியில வந்து விரலைப் பிரிச்சா இது உள்ளே ஒட்டிக்கிட்டிருக்கு. திரும்பப் போய்ப் போட்டா மாட்டிக்குவேன். எறியவும் மனசு வரலை. உங்க சட்டையில தச்சுட்டேன்.

— நீயா? எவ்வளவு கத்தினே! முக்காலி மேலயே ஏறி நின்னு கத்தினியே!

— கத்தாம இருந்தா சந்தேகம் வருமே.

— எதுக்காகப் போட்டே?

— அதே சலவைக்காரர் சம்சாரம்தான். கிணத்துலேர்ந்து வரும்போது நம்ம வாசப்படியில குடத்தை இறக்கி மூச்சு வாங்கும். ஒருநாள் கேட்டுச்சு... 'அக்கா, குழாய் உங்க பக்கம் வந்தாலும் நான் இங்கேதான் இறக்கி வைப்பேன், பரவாயில்லையா'ன்னு. கோபமாக் கேட்டிருந்தா பதிலுக்கு நாலு வார்த்தை விட்டிருப்பேன். சிரிச்சுக்கிட்டே கேட்டுச்சு.

— பதிமூணு வருஷம் குடம் சுமந்தியே...

— நானே போட்ட கறுப்பு. நானே சுமந்தேன். அதுல எனக்கு ஒண்ணும் குறையில்லை. கடிகாரக்காரர் வீட்டு வாசல்லதான் கால் கூசும்.

— என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?

— வரிசைக்கு வாக்கு கொடுத்த மனுஷன். பொண்டாட்டியே கவுத்துட்டான்னு தெரிஞ்சா முகத்தை எங்கே வச்சுக்குவீங்க? நீங்க ஏன் சொல்லலை?

— நீ சுமந்துட்டு வர்ற குடத்தைப் பார்த்துட்டு எப்படிச் சொல்ல? சரி, மணி என்ன?

— நாலே கால். சரியாத்தான் ஓடுது, ரிப்பேர் வேண்டாம். அந்த முக்காலியை எடுங்க.

— நீயும் வர்றியா?

— அவர் பக்கத்துல போட்டு உட்கார்ந்துக்குறேன். காகிதத்துல இடம் இருக்கா?

— கீழே ரெண்டு விரல் இடம் இருக்கு. என்னன்னு எழுத?

— அன்னைக்குத் தெரு சொன்னது சரிதான், ஒரே வீட்டுப் புருஷன் பொண்டாட்டிதான் போட்டாங்கன்னு எழுதுங்க... வீட்டைத்தான் மாத்திச் சொல்லிட்டாங்க.